கன்றின் குடல் திறந்திருக்கும் ஒரு நாள்

பசு கன்று ஈன்ற வீட்டில் கடும்புப்பாலைக் காய்ச்சி அயலவருக்கும் பகிர்ந்தளிப்பது எமது கிராமங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். இளங்கொடி விழும்வரை கன்றை ஊட்ட விடலாகாது என்ற எண்ணமும் சில இடங்களில் இன்னும் அகலவில்லை. இவ்விரண்டும் சேரும்போது இழப்பு கன்றுக்கே. ஓரிரு வாரங்களில் அது கழிச்சல் கண்டு மடிந்தால், கண்ணூறு என்றோ காலநிலைக் கோளாறு என்றோ காரணம் கற்பிக்கப்படுகிறது. உண்மைக் காரணம் பெரும்பாலும் அது பிறந்த முதல் நாளில், அதன் சிறுகுடலின் உட்சுவரிலேயே தேடப்பட வேண்டியதாகும்.

மனிதக் குழந்தை கருப்பையில் இருக்கும்போதே, நோய்களை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைத் தாயின் குருதியிலிருந்து சூல்வித்தகத்தின் ஊடாகப் பெற்றுவிடுகிறது. மாடு, ஆடு, குதிரை, பன்றி முதலிய குளம்புள்ள விலங்குகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவற்றின் சூல்வித்தகம் அப்பெரிய புரத மூலக்கூறுகளைக் கடக்க விடுவதில்லை. எனவே கன்று ஏறத்தாழ வெறுங்கையுடனேயே உலகிற்கு வருகிறது. அது பெறவேண்டிய பாதுகாப்பு முழுவதும் கடும்புப்பாலில் வைக்கப்பட்டுள்ளது. நல்ல கடும்புப்பால் ஒரு லீற்றரில் 50 கிராமுக்கு மேற்பட்ட பிறபொருளெதிரிகள் இருக்கும். சாதாரண பாலில் ஒரு கிராம் கூடத் தேறாது.

வளர்ந்த விலங்கின் குடலில் புரதம் சிறு துண்டுகளாகச் சமிபாடடைந்த பின்னரே உறிஞ்சப்படுகிறது. பிறபொருளெதிரி அவ்வாறு துண்டாடப்பட்டால் அதனாற் பயனேதும் இல்லை. இயற்கை இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. கன்று பிறக்கும்போது சடைமுளைகளைப் போர்த்தியிருக்கும் மேலணிக் கலங்கள் தனித்தன்மை வாய்ந்தவை. அவை தம்மைத் தொடும் திரவத்தைச் சிறு குமிழிகளாக அப்படியே விழுங்கி, மறுபுறத்தில் நிணநீருக்குள் விடுகின்றன. அங்கிருந்து முழு மூலக்கூறும் சிதையாமல் குருதியை அடைகிறது. அவ்வேளையில் கன்றின் இரைப்பையில் அமிலம் குறைவு. அத்துடன் புரதத்தைச் சிதைக்கும் திரிப்சின் நொதியத்தைத் தடுக்கும் பொருளொன்றும் கடும்புப்பாலிலேயே கலந்துள்ளது.

ஆனால் இவ்வாசல் நெடுநேரம் திறந்திருப்பதில்லை. முதல் 6 மணித்தியாலங்களின் பின் உறிஞ்சும் ஆற்றல் விரைந்து குறைந்து, ஏறத்தாழ 24 மணித்தியாலங்களில் முற்றுப்பெறுகிறது. முதலில் அக்கலங்கள் தாமே அத்திறனை இழக்கின்றன. பின்னர் சடைமுளைகளுக்கு இடையேயுள்ள குழிகளில் தோன்றும் புதிய கலங்கள் படிப்படியாக மேலேறி, பழையவற்றை உதிர்த்து அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. கன்று பட்டினி கிடந்தால் வாசல் மூடுவது சில மணித்தியாலங்கள் பிந்தக்கூடும். எனினும் இழந்ததை அது ஈடுசெய்யாது. இளங்கொடி விழுவதற்கு 12 மணித்தியாலங்கள் வரையும் செல்லலாம் என்பதைக் கருதினால், காத்திருப்பதன் விலை என்னவென்பது விளங்கும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. பிறந்தவுடன் அக்கலங்கள் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. சாணம் படிந்த மடியையோ அழுக்கான வைக்கோலையோ கன்று முதலில் நக்கினால், பற்றீரியாக்களும் அதே வழியால் உட்புகலாம். ஆகவே மடியைக் கழுவித் துடைத்த பின் கன்றை விடுவதே முறை.

எவ்வளவு கொடுப்பது? கன்றின் நிறையில் பத்திலொரு பங்கு என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லீற்றர், அதுவும் முதற் சில மணித்தியாலங்களுக்குள். எழுந்து நிற்கமாட்டாத கன்றுக்குக் கறந்து சூப்பிப் போத்தலால் ஊட்டவேண்டும். மிகுதியைக் குளிரூட்டியில் உறையவைத்து, தாயை இழந்த வேறொரு கன்றுக்கும் உதவலாம். உருக்கும்போது இளஞ்சூட்டு நீரே போதுமானது. கொதிநீர் பட்டால் பால் திரண்டுவிடும். கடும்பு கட்டியாவதும் இதனாலேயே. நாம் சர்க்கரை சேர்த்துச் சுவைக்கும் அக்கட்டியில் பெரும்பகுதி, வெப்பத்தில் உறைந்த அதே பிறபொருளெதிரிகளும் ஏனைய புரதங்களும்தாம்.

வாசல் மூடிய பின்னரும் கடும்புப்பால் வீணன்று. குருதியிற் சேராவிடினும், குடலினுள்ளே நின்று கழிச்சற் கிருமிகளை அது எதிர்க்கிறது. எனவே முதல் மூன்று நாட்களும் அதனைக் கன்றுக்குக் கொடுப்பது நன்று. வீட்டாருக்கும் ஏமாற்றம் இல்லை. கன்றுக்குப் போக எஞ்சும் பாலையும், அடுத்தடுத்த கறவைகளில் கிடைப்பதையும் காய்ச்சினால் ஓரளவு திரளவே செய்யும்.