மாத்திரைக்குக் கிருமி வைக்கும் பரீட்சை

மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் அட்டையில் ‘500 மில்லிகிராம்’ என்று போட்டிருக்கிறது. உள்ளே அவ்வளவு மருந்து இருக்கிறதா? இருப்பது வேலை செய்யுமா? நிறமோ மணமோ கசப்போ இதைச் சொல்லிவிடாது. ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டறியப் பல வழிகள் உண்டு. அவற்றில் அழகானது, கிருமியைக் கொண்டே மருந்தை அளப்பது.

இந்த முறை ஒரு நெருக்கடியில் உருவானது. 1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டார். 1940 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்டு ஃப்ளோரியின் குழு அதை மருந்தாக்க முயன்றது. பூஞ்சை வளர்ந்த திரவத்தில் பெனிசிலின் எவ்வளவு என்று எடைபோட வழியில்லை. தூய பெனிசிலின் யாரிடமும் இல்லை. குழுவிலிருந்த நார்மன் ஹீட்லி, அகார் என்னும் கூழ் பரப்பிக் கிருமி விதைத்த தட்டின்மேல் சிறு குழாய்களை நிறுத்தி, அவற்றில் திரவத்தை விட்டார். மருந்து கசிந்து பரவிய இடத்தில் கிருமி முளைக்கவில்லை. அந்த வட்டத்தின் அகலமே அளவுகோலாயிற்று.

இன்றும் ஜென்டாமைசின் போன்ற மருந்துகளின் வீரியத்தை இப்படித்தான் சோதிக்கிறார்கள். ஜென்டாமைசின் ஒரே பொருளாக இல்லாமல், நெருங்கிய உறவுள்ள பல மூலக்கூறுகளின் கலவையாக இருக்கிறது. கலவை மொத்தமாக என்ன செய்கிறது என்பதைக் கிருமியிடம்தான் கேட்டாக வேண்டும்.

உருக்கி ஆறவைத்த அகாரில் கிருமியைக் கலந்து தட்டில் ஊற்றுகிறார்கள். கெட்டியானதும் சிறு குழிகள் வெட்டி, மருந்துக் கரைசலை விட்டு, இரவு முழுவதும் இளஞ்சூட்டில் வைக்கிறார்கள். மறுநாள் காலை தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், மோர் படிந்த கண்ணாடிபோல் மங்கிய பரப்பு தெரியும். குழிகளைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டாற்போன்ற தெளிந்த வட்டங்கள் இருக்கும்.

இங்கேதான் கண் ஏமாறும். மருந்தை இரட்டித்தால் வட்டம் இரட்டிப்பதில்லை. சில மில்லிமீட்டர்தான் கூடும். பாதி மருந்தே உள்ள கேப்சூலும் ஏறக்குறைய முழு வட்டம் போட்டுக் காட்டும். அதனால் அளவு தெரிந்த தரமான மருந்தை வெவ்வேறு செறிவுகளில் அதே தட்டில் பக்கத்திலேயே வைத்து, நுட்பமாக அளந்து ஒப்பிடுகிறார்கள். வட்டம் பெரிது என்பதற்காக ஒரு மருந்தை இன்னொன்றைவிட வீரியமானது என்றும் சொல்ல முடியாது. பெரிய மூலக்கூறுகள் அகாரில் மெதுவாகவே நகரும்.

அமாக்சிசிலின் போன்றவற்றில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதை இரசாயனக் கருவிகள் துல்லியமாகப் பிரித்துச் சொல்லிவிடும். ஆனால், இருக்கும் மருந்து வயிற்றில் கரைய வேண்டுமே! அதற்காக, உடற்சூடான 37 டிகிரியில் வைத்த திரவத்தில் மாத்திரையைப் போட்டுத் துடுப்பால் சுழற்றி, குறித்த நேரத்துக்குள் எவ்வளவு கரைகிறது என்று பார்க்கிறார்கள்.

ஆலையில் நன்றாக இருந்த மருந்தும் வழியில் கெடலாம். குழந்தைகளுக்கான அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமில சிரப் பொடியாகவே விற்கப்படுவது இதனால்தான். ஈரம் பட்டால் கிளாவுலானிக் அமிலம் சிதையத் தொடங்கும். கொதித்து ஆறிய நீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்கிய பிறகு, புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து, புட்டியில் குறித்த நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

வளரும் நாடுகளில் புழங்கும் மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று தரமற்றது அல்லது போலி என்று 2017-இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. வலி மாத்திரையில் மருந்து குறைந்தால் வலி தீராது, அவ்வளவுதான். ஆன்டிபயாட்டிக்கில் குறைந்தால், எளிதில் சாகும் கிருமிகள் மட்டும் செத்து, தாக்குப்பிடிப்பவை பெருகும். அந்த மாத்திரையைத் தொட்டே இராதவரையும் அவை தொற்றும். தட்டில் குறையும் இரண்டு மில்லிமீட்டரை ஒருவர் விடாமல் அளப்பது அவர்களுக்காகவும்தான்.