ஏரிக்கரை ஷெல்டர் புக் பண்றீங்களா? முதல்ல 14 நாள் கணக்கைப் பாருங்க

ஆன்சைட் போயிருக்கிற நம்ம பசங்களுக்கு கோடை வந்தா ஏரிக்கரை பிக்னிக் கட்டாயம். அட்லாண்டா பக்கம்னா பெரும்பாலும் லேக் லேனியர். கூரை, டேபிள், கிரில், எதிரே தண்ணி. பிரியாணி அண்டாவை இறக்க வேற என்ன வேணும்? ஆனா 20 பேர் போற பிக்னிக்குக்கு ஒருத்தரோட கார்டுதான் தேயுது. அந்த ஒருத்தர் நீங்கன்னா, மேல படிங்க.

லேனியர், அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை அணை கட்டி உருவாக்கிய ஏரி. அந்தப் படை நடத்தும் பூங்காக்களில் இருக்கிற குரூப் ஷெல்டர்களை ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் புக் பண்ணலாம். பணத்தை முன்னாடியே கட்டிடணும். கேன்சல் விதிதான் முக்கியம். பிக்னிக் தேதிக்கு 14 நாளுக்கு முன்பே ரத்து செய்தா 10 டாலர் போக மீதி திரும்ப வரும். அந்த 14 நாளுக்குள் ரத்து செய்தா வாடகை முழுசும் போச்சு. பூங்காவையே அவசரமா மூடினா பணம் வரும். சும்மா மழை பெய்தா வராது.

வாடகை 60 டாலர்னு வெச்சுக்கோங்க. 20 பேர் வாட்ஸ்அப்ல கை தூக்கினாங்க, தலைக்கு 3 டாலர். கடைசி வாரத்தில் 8 பேர் கழண்டுக்கிட்டாங்க. மிச்ச 12 பேரிடம் தலைக்கு இன்னும் 2 டாலர் கேட்கலாம்தான், ஆனா யாருக்கு வாய் வரும்? 24 டாலர் உங்க தலையில். இது ஷெல்டர் மட்டும். சிக்கன் கணக்கு தனி.

அதனால வசூலுக்கு ஒரு கடைசி நாள் வையுங்க, அது ரத்து தேதிக்கு முன்னாடி இருக்கட்டும். பிக்னிக் ஜூன் 20-ன்னா, ரத்துக்கான எல்லை ஜூன் 6. வசூலை ஜூன் 3-க்குள் முடிங்க. 'வர்றேன் மச்சி'ன்னு சொன்னவங்களை எண்ணாதீங்க, பணம் போட்டவங்களை எண்ணுங்க. 10 பேர் போட்டிருந்தா தலைக்கு 6 டாலர், தாராளமா போகலாம். 4 பேர்தான்னா, 10 டாலர் நஷ்டத்தோட அன்னைக்கே ரத்து பண்ணிடுங்க. வண்டி நுழைவுக் கட்டணம் வாடகையில் சேர்ந்திருக்கா, எத்தனை பேர் வரை அனுமதி, இதை புக் பண்ணும் முன்பே அந்த ஷெல்டருக்கான பக்கத்தில் பார்த்துடுங்க.

இந்தியக் கார்டுல கட்டினா இன்னொரு செலவு இருக்கு. ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5% உள்ள கார்டுன்னா, அது மேல 18% ஜிஎஸ்டி சேர்த்து 4.13% ஆகுது. 60 டாலருக்கு கிட்டத்தட்ட இரண்டரை டாலர். ரத்து பண்ணாலும் இந்த மார்க்கப் பெரும்பாலும் திரும்ப வராது. அதனால ஜிபேல ரூபாயா வசூலிக்கிறப்போ கூகுள் காட்டும் டாலர் ரேட்டை எடுக்காதீங்க. கார்டு ஸ்டேட்மென்ட்ல மார்க்கப், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து வந்த ரூபாயை எடுத்து பிரிங்க.

'அக்கவுண்ட்ல 20 பேர் பணம் போட்டா வருமான வரி வருமா?'ன்னு ஒரு பயம் சிலருக்கு. வராது. நீங்க செஞ்ச செலவுதான் உங்ககிட்ட திரும்ப வருது, அது வருமானம் இல்லை. அந்த ஸ்டேட்மென்ட்டையும் புக்கிங் மெயிலையும் மட்டும் அழிக்காம வைங்க.