பட்டினி ஆகாத நோயாளி

'லங்கணம் பரம ஔஷதம்' என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. காய்ச்சல் கண்டால் ஒருவேளை வயிற்றைக் காயப்போடுவது நமக்கு வழக்கம். அம்மொழியை நம்பி ஒரு சிற்றுயிரை நான் இழக்கவிருந்த கதையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் வளரும் பெண் கினிப்பன்றிக்கு வயது நான்கு. சில வாரங்களாக அதன் இரு விலாப்புறங்களிலும் உரோமம் உதிர்ந்து வந்தது. சோதித்துப் பார்த்த கால்நடை மருத்துவர் சூலகங்களில் நீர்க்கட்டிகள் உள்ளன என்றார். வயது முதிர்ந்த பெண் கினிப்பன்றிகளுக்கு இது அடிக்கடி வரும் நோய். சூலகங்களையும் கருப்பையையும் அகற்றும் அறுவை நடந்தது. மாலையில் அதனை என்னிடம் ஒப்படைத்தபோது மருத்துவர் சொன்னது இதுதான்: "காயத்தைக் காட்டிலும் வயிற்றைக் கவனியுங்கள்."

அதன் பொருள் அன்று எனக்கு முழுதும் விளங்கவில்லை. வீட்டில் செய்யவேண்டியவற்றைச் செய்தேன். கூண்டில் பரப்பியிருந்த மரச்சீவல், தையலில் ஒட்டிக் காயத்தைக் கெடுக்கும் என்பதால் அதனை நீக்கி, துவைத்துலர்ந்த துண்டுகளை விரித்தேன். ஏறி இறங்கும் மேடைகளை எடுத்துவிட்டேன். மயக்கமருந்து தெளியும்போது சிறிய உடல் விரைவில் குளிர்ந்துவிடும். ஆகையால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் மட்டும் வைத்தேன். சூடு மிகுந்தால் அது மறுமூலைக்கு விலகிக்கொள்ளலாம் அல்லவா?

குழைத்த புல்லுணவை மூன்று மணிக்கு ஒருமுறை ஊட்டும்படி மருத்துவர் பணித்திருந்தார். நள்ளிரவில் எழுந்து பார்த்தேன். அது அசையாது உறங்கிக்கொண்டிருந்தது. 'பாவம், உறங்கட்டும்; வயிற்றுக்கும் ஓய்வு கிடைக்கட்டும்' என்று எண்ணிப் படுத்துவிட்டேன். காலையில் தராசில் வைத்தேன். முதல் நாள் 940 கிராம் இருந்த உடல் 895 கிராம் ஆகியிருந்தது. இரவு முழுவதற்கும் கூண்டில் கிடந்தவை நான்கே நான்கு புழுக்கைகள். அவையும் சிறுத்து உலர்ந்திருந்தன.

இதன் காரணத்தை அறிய, அந்த விலங்கின் உடலமைப்பை நாம் சற்று அறிதல் வேண்டும். கினிப்பன்றி, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கிய புல்லுண்ணி. அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் பெருங்குடல்வாய் என்னும் பெரிய பை ஒன்று உண்டு. அங்கு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. புல் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் வரையில்தான் குடல் அசையும். உணவு நின்றால் அசைவு தளரும், வாயு திரளும், வயிறு உப்பி வலிக்கும், வலித்தால் அது மேலும் உண்ண மறுக்கும். இந்தச் சுழலில் அகப்பட்ட கினிப்பன்றி, தையல் நன்றாக ஆறிவரும்போதே இறந்துவிடக்கூடும். நம்மைப்போல் வாந்தியெடுக்க அதனால் இயலாது. ஆகவே அறுவைக்கு முன்பும் அதற்கு நீண்ட பட்டினி விதிப்பதில்லை.

நான் உறக்கம் என்று எண்ணியது உறக்கமன்று, வலி. பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் தன் நோவை வெளிக்காட்டாது. காட்டினால் பகைவன் கண்ணில் முதலில் படுவது அதுவே. உடலைக் குறுக்கி, உரோமத்தைச் சிலிர்த்து, கண்களை அரைவாசி மூடி ஒரு மூலையில் அமர்ந்திருத்தலே அதன் முனகல். பற்களை நறநறவென்று கடித்தலும் அவ்வாறே.

மருத்துவரிடம் விரைந்தேன். வலி தணிக்கும் மருந்தின் அளவைத் திருத்தி, குடலை அசைக்கும் மருந்தும் தந்தார். அன்றுமுதல் இரவும் பகலும் மூன்று மணிக்கு ஒருமுறை ஊட்டினேன். ஊட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்தல் ஆகாது. உணவு நுரையீரலுக்குள் புகுந்துவிடும். மடியில் நேராக அமர்த்தி, ஊசியில்லாத பீச்சுக்குழலை முன்பற்களுக்குப் பின்னே வாயின் பக்கவாட்டில் செலுத்தி, அரை மில்லிலிட்டர் அளவே தரவேண்டும். அது மென்று விழுங்கிய பின்னரே அடுத்தது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம்மைப்போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் 'சி'யை ஆக்கிக்கொள்ளாது. 1907ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர்களான ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் தானியம் மட்டுமே உண்ட கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டனர். மாலுமிகளை வாட்டிய அந்நோயின் மூலத்தை ஆராய வழிதிறந்தது அதுதான். புண் ஆறுவதற்கு இச்சத்து இன்றியமையாதது. நலமாயிருக்கும்போது கிலோவுக்கு நாள்தோறும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும்; நோயில் இன்னும் மிகுதி. தண்ணீரில் கலந்து வைத்தால் விரைவில் அழிந்துவிடும். ஆகவே மருந்தாக நேரே வாயில் தந்தேன். உண்ணத் தொடங்கியபின் கொய்யாத் துண்டும் குடைமிளகாயும் சேர்த்தேன்.

வீட்டு அலமாரியில் உள்ள மருந்தை மட்டும் எவரும் தரலாகாது. மனித குலத்தைக் காத்த பென்சிலினே, வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து அதனைக் கொன்றுவிடக்கூடும்.

இரண்டாம் நாளின் எடை 880. மூன்றாம் நாளும் 880. அன்று மாலை கொத்தமல்லித் தழை ஒன்றைத் தானே கடித்தது. நான்காம் நாள் 890. ஐந்தாம் நாள் காலை, அடுக்களையில் கீரை நறுக்கும் ஓசை கேட்டுக் கூண்டிலிருந்து கீச்சென்று சீழ்க்கையொலி எழுந்தது. பசியின் அந்தக் குரலைக் கேட்டு இவ்வளவு மகிழ்ந்தது அதுவே முதல்முறை. நாள்தோறும் இருமுறை தையலைப் பார்த்தேன். சிவப்போ வீக்கமோ சீழோ இல்லை. பன்னிரண்டாம் நாள் தையலைப் பிரித்தார்கள்.

மாணவர்களே, உங்களில் சிலர் ஆய்வுக்கூடத்தில் இவ்விலங்கைக் காண்பீர்கள். சிலர் வீட்டில் வளர்ப்பீர்கள். அதற்கு நோய் வந்தால் இரக்கம் மட்டும் போதாது. என் இரக்கந்தான் அன்றிரவு அதனைப் பட்டினி போட்டது. ஒரு தராசு, ஒரு குறிப்பேடு, புழுக்கைகளை எண்ணிப் பார்க்கும் பொறுமை, நள்ளிரவில் எழும் மனம் ஆகியவையும் வேண்டும். வாய்பேசா உயிரின் நிலையை அந்தக் குறிப்பேட்டில் உள்ள எண்களிலிருந்தே நான் அறிந்துகொண்டேன்.