திருவள்ளூரிலிருந்து தாழையூத்துக்கு

2016ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடங்கியபோது எட்டு அணிகள். அவற்றில் நெல்லை இல்லை. ஆனால் ஆட்டம் நடந்த மூன்று மைதானங்களில் ஒன்று நெல்லையில்தான் இருந்தது. சேப்பாக்கம், நத்தம், அப்புறம் தாழையூத்து சங்கர் நகர். இந்தியா சிமெண்ட்ஸ் 1949ல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலையைச் சேர்ந்த மைதானம் அது. ஆக, பந்தல் நம்முடையது. மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியூர்.

அன்று நம்மவர்களுக்குக் கைதட்டத் தோதாக இருந்தது தூத்துக்குடி அணி, டூட்டி பேட்ரியாட்ஸ். 1986 வரை இரண்டும் ஒரே மாவட்டம், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலும் அந்தப் பக்கம்தான். முதல் கோப்பையையே அந்த அணி சேப்பாக்கம் அணியைத் தோற்கடித்து எடுத்தது. மறு வருஷமும் இறுதி ஆட்டம் வரை போய் அதே சேப்பாக்கத்திடம் தோற்றது. பெயர் சொல்லும்படியான அணி. அப்படியும் ஊரில் தங்கவில்லை. 2021ல் பார்த்தால் அதே உரிமம் சேலம் ஸ்பார்டன்ஸ் ஆகியிருந்தது. 2016 கோப்பையைச் சேலத்துக் கணக்கில் எழுதலாமா? எழுதுகிறவர்கள் எழுதட்டும், எனக்கு மனசு வரவில்லை.

நெல்லைக்கு வந்த அணியின் கதை இன்னும் நீளம். முதலில் அது வி.பி. திருவள்ளூர் வீரன்ஸ். 2018ல் காஞ்சி வீரன்ஸ். காஞ்சிக்கு அதற்கு முன்பே ஓர் அணி இருந்தது. ரூபி காஞ்சி வாரியர்ஸ் என்ற அது ஒரே வருஷத்தில் திருச்சிக்குப் போய்விட்டது. காலியான பெயரில் இது குடியேறியது. அணிப் பெயரில் இருந்த வி.பி. என்பது வி.பி. சந்திரசேகர். 1988 இரானி கோப்பையில் 56 பந்தில் சதம் அடித்த தமிழ்நாட்டுத் தொடக்க ஆட்டக்காரர். 2019 ஆகஸ்டில் அவர் காலமானார். அதன்பின் அணி கைமாறி, நெல்லை ராயல் கிங்ஸ் என்று 2021ல் களம் கண்டது. பாலாற்றங்கரை அணி பொருநைக்கரைக்கு வந்ததென்று பெருமைப்பட்டால், அந்த வருஷம் கொரோனாவால் எல்லா ஆட்டமும் ஆளில்லாத சேப்பாக்கத்தில். சொந்த ஊரைப் பார்க்காமலே ஒரு சீசன்!

காரைக்குடிக் காளையும் திருப்பூர் தமிழன்ஸ் ஆகிவிட்டது. தொடங்கிய எட்டில் நான்கு ஊர் மாறியாயிற்று. அமெரிக்காவில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியை உரிமையாளர் வால்டர் ஓமேலி 1957 சீசன் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோனார். புரூக்ளின்காரர்கள் அவரைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டினார்கள். இங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. நான்கைந்து வருஷத்தில் திட்டுமளவு பாசம் எங்கே ஊறும்?

பாசம் ஊறத் தொடங்கியது 2022ல்தான். ஜூன் மாதம் சங்கர் நகரில் முதல் ஆட்டம், எதிரே சேப்பாக்கம். நெல்லையின் பாபா அபராஜித் பந்துவீச வந்து, கோட்டைத் தாண்டிய சேப்பாக்கத்தின் ஜெகதீசனை ஸ்டம்பைத் தட்டி ரன் அவுட் ஆக்கினார். ஜெகதீசன் கோபத்தில் காட்டிய சைகை ஊரெல்லாம் பேச்சாயிற்று. ஆட்டம் சமன், சூப்பர் ஓவரில் நெல்லை ஜெயித்தது. அடுத்த வருஷம் திண்டுக்கல்லுக்கு எதிராக 12 பந்தில் 37 தேவை என்ற நிலையில், அஜிதேஷும் ரித்திக் ஈஸ்வரனும் ஒரே ஓவரில் 33 எடுத்தார்கள். அன்று மைதானத்தில் எழுந்த சத்தம் திருவள்ளூருக்கோ காஞ்சிக்கோ அல்ல, நெல்லைக்கு. இறுதி ஆட்டமும் அதே மைதானத்தில்தான். கோவையிடம் 104 ரன்னில் படுதோல்வி.

இதற்கிடையில் இன்னொரு கைமாற்றமும் நடந்தது. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸே அல்ட்ராடெக் வசம் போயிற்று. 2025 சீசனின் ஆட்டங்கள் வழக்கம்போலச் சங்கர் நகரிலும் நடந்தன. அணியைப் போல மைதானத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே.