கோலாரிலிருந்து ஜெனீவாவுக்கு: ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பதவிக்கு ஒரு தலித் பெண் சென்ற வழி

கோலார் தங்கவயல்: மாரிகுப்பத்திலிருந்து பெங்களூரு செல்லும் அதிகாலை ரயில்களில் இன்றும் இருக்கை கிடைப்பது அரிது. 2001 பிப்ரவரி இறுதியில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் நாள்தோறும் தலைநகருக்குப் போய் வேலை செய்து இரவில் வீடு திரும்புகின்றனர்.

நாட்டிலேயே மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றையும், 1902-லேயே சிவசமுத்திரம் நீர்மின்சாரத்தையும் பெற்ற இந்நகரம், உலர் கழிப்பறைகளை மனிதர்களைக் கொண்டே அள்ளச் செய்தது. அத்தகைய தூய்மைப் பணியாளர் குடும்பம் ஒன்றில் இங்கு 1966-இல் பிறந்த பெஜவாடா வில்சன், கையால் மலம் அள்ளும் முறைக்கு எதிரான போராட்டத்திற்காக 2016-இல் மகசேசே விருது பெற்றார். அந்தக் கூடைகளைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை அவரது இயக்கம் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறது.

தங்கவயல் அமைந்துள்ள இதே கோலார் மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்தான் கே.பி. அஸ்வினி. இனவெறி, இனப் பாகுபாடு, அந்நியர் வெறுப்பு ஆகியவற்றின் சமகால வடிவங்கள் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக 2022 அக்டோபரில் மனித உரிமைகள் கவுன்சில் இவரை நியமித்தது. நவம்பர் 1-ஆம் தேதி பொறுப்பேற்றார். 1993-இல் உருவாக்கப்பட்ட இப்பதவியை அதற்கு முன் வகித்த ஐவரும் ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆசியாவிலிருந்து இப்பொறுப்புக்கு வந்த முதல் நபர் அஸ்வினியே. அப்போது அவர் முப்பதுகளின் நடுப்பகுதியில் இருந்தார்.

வெளியுறவுப் பணி அல்ல

இந்தியாவில் 'ராஜதந்திரம்' என்றதும் நினைவுக்கு வருவது குடிமைப் பணித் தேர்வும் வெளியுறவுப் பணியும்தான். அஸ்வினி அந்த வழியில் செல்லவில்லை. பெங்களூரில் பட்டப்படிப்பையும் முதுநிலைப் படிப்பையும் முடித்து, தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இந்தியா, நேபாளம் ஆகிய இரு நாடுகளில் தலித் மக்களின் மனித உரிமைகளை ஒப்பிடுவதே அவரது ஆய்வுப் பொருள். பின்னர் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் இந்தியா அமைப்பில் களப்பணி, பெங்களூரில் அரசியல் அறிவியல் கற்பித்தல், விளிம்புநிலைப் பெண்களுக்கான 'சாரியா' அமைப்பைத் தோழியருடன் தொடங்கியது என அவரது பாதை நீண்டது.

தூதர் தம் அரசின் நிலைப்பாட்டைப் பேசுகிறார். சிறப்பு அறிக்கையாளரோ எந்த அரசின் பிரதிநிதியும் அல்லர், ஐ.நா. ஊழியரும் அல்லர். காலியிடம் அறிவிக்கப்படும்போது தகுதியுள்ள எவரும் தாமே விண்ணப்பிக்கலாம். ஐந்து பிராந்தியங்களைச் சேர்ந்த ஐந்து தூதர்கள் கொண்ட ஆலோசனைக் குழு விண்ணப்பங்களைப் பரிசீலித்துப் பெயர்களைப் பரிந்துரைக்கும். கவுன்சில் தலைவர் ஒருவரை முன்மொழிய, 47 நாடுகள் கொண்ட கவுன்சில் ஒப்புதல் அளிக்கும். பதவிக் காலம் மூன்று ஆண்டுகள். அதிகபட்சம் ஆறு ஆண்டுகள்.

அதிகாரம் என்ன? அரசுகளுக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்கலாம். அழைப்பு கிடைத்தால் நேரில் சென்று ஆராயலாம். ஆண்டுதோறும் அறிக்கை அளிக்கலாம். அஸ்வினி 2023 இறுதியில் அமெரிக்காவுக்கும் 2024 ஆகஸ்டில் பிரேசிலுக்கும் இவ்வாறு சென்றார். செயற்கை நுண்ணறிவும் இனப் பாகுபாடும் குறித்து 2024-இல் அவர் அளித்த அறிக்கை, காவல் துறையின் பழைய கைதுப் பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்படும் மென்பொருள் அதே பழைய பாரபட்சத்தை மீண்டும் உருவாக்கும் என எச்சரித்தது. எந்த நாட்டையும் எதையும் செய்யும்படி கட்டாயப்படுத்த அவரால் இயலாது.

சாதி என்ற சிக்கல்

இந்த நியமனத்தை ஒரு தனிநபரின் சாதனையாக மட்டும் பார்ப்பது பிழை. தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்ட அதே 2001-இல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடைபெற்றது. சாதிப் பாகுபாட்டையும் அதில் சேர்க்க வேண்டும் என தலித் அமைப்புகள் வலியுறுத்தின. சாதி வேறு, இனம் வேறு என்று கூறி இந்திய அரசு அதனை எதிர்த்தது. இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் உள்ள 'வம்சாவளி' என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று அதன் கண்காணிப்புக் குழு 2002-இல் விளக்கம் அளித்தது. இந்தியா அதனை ஏற்கவில்லை. ஆகவே, சாதியை அனுபவமாகவும் ஆய்வாகவும் அறிந்த ஒருவர் இந்தப் பதவியில் அமர்வது வெறும் அடையாளம் சார்ந்த செய்தியன்று.

அவருக்கு முன்பே வழி அமைத்தவர்களும் பெண்கள்தாம். சென்னையில் பிறந்து பெங்களூரில் குடிசைப் பகுதிப் பெண்களையும் வீட்டு வேலைத் தொழிலாளர்களையும் திரட்டிய ரூத் மனோரமா, 1995-இல் தேசிய தலித் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு பெய்ஜிங்கில் நடைபெற்ற உலகப் பெண்கள் மாநாட்டிலும் தலித் பெண்களின் குரலைக் கொண்டு சேர்த்தார். 'மாற்று நோபல்' எனப்படும் விருது அவருக்கு 2006-இல் கிடைத்தது.

இளைஞர்களுக்கான மற்றொரு வாயில்

இளம் வயதிலேயே உலக அரங்கில் நுழைய வேறொரு வழியும் உண்டு. இலங்கையின் ஜயத்மா விக்ரமநாயக்க 2012-இல் அந்நாட்டின் முதல் இளைஞர் பிரதிநிதியாக ஐ.நா. சென்றார். 2017-இல், 26 வயதில், பொதுச் செயலாளரின் இளைஞர் விவகாரத் தூதரானார். அவர் வகித்த பணி இப்போது தனி இளைஞர் அலுவலகமாக விரிவடைந்துள்ளது.

இரண்டு வழிகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இளைஞர் தூதர் பணி முழுநேரப் பதவி. சிறப்பு அறிக்கையாளருக்கோ பயணச் செலவு உண்டு, ஊதியம் கிடையாது. வாழ்வாதாரத்துக்கு வேறொரு வேலையைப் பார்த்துக்கொண்டே ஐ.நா. பணியையும் செய்ய வேண்டும். சொத்தோ, நீண்ட விடுப்பு தரும் பணியிடமோ உள்ளவர்களுக்கு இது எளிது. மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் ஒரு பட்டதாரிப் பெண், விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்.