எந்த இனம் முதலில்?

பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் ‘இந்தியர்-சீனர்’ என்று இருக்கிறது. எது முதலில் வரவேண்டும் என்று சம்பந்தியம்மாவும் நானும் ஒரு வாரம் பேசினோம். சிரித்துக்கொண்டுதான், ஆனால் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. சிங்கப்பூரில் இப்படி இரட்டை இனம் பதிய 2011-இல்தான் வழி வந்தது. முன்னால் நிற்கும் இனமே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் இன ஒதுக்கீட்டில் கணக்கு. அதனால் அது வெறும் ஆசைச் சண்டையும் இல்லை.

என் சிறுவயதில் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. எழுபதுகளில் குவீன்ஸ்டவுனில் எங்கள் புளோக் மின்தூக்கிக்குள் ஒரு சீனக் குழந்தை அடம்பிடித்து அழுதது. அதன் பாட்டி என் அப்பாவைக் கைகாட்டி, அழுதால் ‘அப்புனேனே’ பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று மிரட்டினார். இந்தியரைக் கேலி செய்யும் சொல் அது. அப்பா சிரித்தபடி எங்கள் மாடி எண்ணை அழுத்தினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அவரைக் கோழை என்று நான் நினைத்த வயது உண்டு. 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரத்தில் 23 பேர் செத்ததையும் அதையடுத்த ஊரடங்கையும் பார்த்தவர் அவர். இனத்தைப் பற்றி வாய் திறந்தால் தீப்பிடிக்கும் என்று அந்தத் தலைமுறை நம்பியது. வேடிக்கை என்னவென்றால், பூட்டு வாய்க்குத்தான், தாளுக்கு இல்லை. அடையாள அட்டையில் இனம், பள்ளியில் இனத்தையொட்டிய தாய்மொழிப் பாடம், 1989 முதல் புளோக்குக்குப் புளோக் இன வரம்பு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது; வாங்க ஆள் குறையும், விலை இறங்கும். அப்படி வீட்டை விற்க மாமா பல மாதம் அலைந்தார். காரணத்தை உறவுக்குள் மட்டும் முணுமுணுத்தார்.

மகன் காலம் வேறு. வாடகை வீட்டுக்குப் போன் செய்தான். முகவரின் முதல் கேள்வி, இந்தியரா? வீடு போய்விட்டதாம். பத்து நிமிடம் கழித்து மருமகள் மாண்டரினில் அழைத்தாள். எப்போது பார்க்க வருகிறீர்கள் என்றார் அதே முகவர். அவள் அங்கேயே வெளுத்து வாங்கிவிட்டாள். 2021 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கே வாடகைக்கு வீடு தேடும் சிறுபான்மையினர் படும் பாட்டை ஒப்புக்கொண்டார். ‘சீனர் சலுகை’ என்ற குற்றச்சாட்டை மட்டும் ஏற்கவில்லை. 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கத்துக்கென்றே தனிச் சட்டமும் நிறைவேறியது.

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் அப்பாவின் மின்தூக்கிக் கதையை முதன்முறையாக எடுத்தேன். சம்பந்தியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். தன் பாட்டியும் அப்படித்தான் மிரட்டுவாராம். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க வீட்டுக்குள்ள எங்களை என்ன சொல்வீங்க?” என்று கேட்டார், ஆங்கிலத்தில்.

எங்களிடமும் ஒரு சொல் உண்டு, மூக்கை வைத்து. ரசம் ஆறிவிட்டது என்று சொல்லிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.