வீட்டுப் பூனையின் காய்ச்சலை அறிதல்

வற்றாப்பளை முதலிய வன்னிக் கிராமங்களில் நெல்லை வீட்டிற் சேமிக்கும் கமக்காரருக்கு, எலிகளை அடக்குவதில் பூனை பேருதவி புரிகின்றது. இப்பிராணி நோயுற்றால் தன் வருத்தத்தை மறைத்து ஒதுங்கிப் படுத்துவிடும். ஆகையால், காய்ச்சலின் குறிகளை நீங்களே கவனித்தறிதல் வேண்டும்.

குறிகள்

உணவை வெறுத்தல், இருண்ட மூலைகளில் ஒளிதல், அளவுக்கு மீறி உறங்குதல், உடல் நடுங்குதல், விரைந்து மூச்சுவிடுதல், உடலை நக்கித் துப்புரவு செய்யாமையால் மயிர் பொலிவிழத்தல் என்பன முக்கியமானவை. மூக்கு உலர்ந்து சூடாயிருப்பதை மட்டும் நம்பற்க. வெயிலிற் படுத்தெழுந்த நல்ல பூனையின் மூக்கும் அவ்வாறே இருக்கும்.

வெப்பமானியால் அளத்தல்

ஐயமறத் தெரிந்துகொள்ள வெப்பமானியே ஏற்றது. பூனைக்கெனத் தனியாக ஓர் இலக்க வெப்பமானியை வைத்திருங்கள். ஒருவர் பூனையைத் துணியாற் சுற்றிப் பிடிக்க, மற்றவர் வெப்பமானியின் நுனியில் வசிலீன் பூசி, குதத்தினுள் ஓர் அங்குலமளவு மெல்லச் செலுத்துக. முரண்டினால் வற்புறுத்தாதீர்கள்.

சுகமான பூனையின் வெப்பநிலை பரனைற்றில் 100½ முதல் 102½ பாகை வரை (ஏறக்குறைய 38 முதல் 39.2 செல்சியசு பாகை) இருக்கும். மனிதனுக்குக் காய்ச்சலாகும் 101 பாகை பூனைக்கு இயல்பானதே. 103 பாகைக்கு மேற்பட்டால் காய்ச்சல் எனக் கொள்க. 106 பாகை உயிருக்கு ஆபத்தானது.

செய்யத் தகாதது

பனடோல் முதலிய பரசிற்றமோல் மாத்திரைகளை ஒருபோதும் கொடாதீர்கள். அம்மருந்தின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதியளவு இல்லை. அதனால் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலிமையை இழந்துவிடும். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதுமானது.

செய்யத் தக்கது

நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துத் தூய நீர் கொடுங்கள். பூனைகள் சண்டையிட்ட கடிகாயங்கள் சீழ்ப்பிடிப்பதும் காய்ச்சலுக்குக் காரணமாகும். எனவே, மயிரை விலக்கி வீக்கம் உளதா எனப் பாருங்கள். காய்ச்சல் 104 பாகையைத் தாண்டினாலும், ஒரு நாள் முழுதும் உண்ணாதிருந்தாலும், தாமதியாது அரசாங்க மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் பூனைக்கு ஏற்றுவித்தல் உங்கள் குடும்பத்துக்கும் பாதுகாப்பாகும்.